பழைய வீடியோ கசட்டிலிருந்து இன்றைய டைம்லைன் வரை: இன்டர்லேஸ் படத்தைப் புரோகிரசிவ் ஆக்க முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் வீடியோ கசட்டுகள் இன்னும் அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, இல்ல விளையாட்டுப் போட்டி, கொக்கட்டிச்சோலைத் தேர், விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்து. 2004 டிசம்பர் சுனாமிக்கு முந்திய நாவலடியோ கல்லடியோ திருக்கோவிலோ அதில் இருந்தால், அந்தக் கசட்டைச் சும்மா ஓட்டிப் பார்க்கவே யோசிக்க வேண்டும்.

இதைத் தாங்களே கணினிக்கு ஏற்ற முயலும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒவ்வொரு வேலையும் அவர்களுக்குத் தெரியும். செய்யும் ஒழுங்குதான் பிழை. கப்சர் செய்ததை, அதாவது கசட்டை ஓட்டிக் கணினியில் பதிந்ததை, எடிட்டிங் மென்பொருளின் 1080 வரி டைம்லைனில் நேரே போட்டு இழுத்துப் பெருப்பிக்கிறார்கள். பிறகு, ஆள் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிகிறதே என்று வழி தேடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் வழி இல்லை.

காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டில் ஓடியது ‘பால்’ முறை: 576 வரிகள், வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்ட். ஒன்றில் ஒற்றை வரிகள், மற்றதில் இரட்டை வரிகள். இரண்டும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. இடையில் 50-இல் ஒரு வினாடி ஓடிவிட்டது. இப்படிப் பாதிப் பாதியாகப் பதிவதுதான் இன்டர்லேஸ். ஆகவே கசட்டில் இருப்பது வினாடிக்கு 50 கணங்கள். நீங்கள் செய்யப்போவது அந்த 50-ஐயும் முழுப் படமாக்குவது. அந்த வேலைக்குப் பெயர் டீஇன்டர்லேஸ், அதில் வரும் முழுப் படம் புரோகிரசிவ். அதற்கு வரிகள் தங்கள் இடத்தில் அப்படியே இருக்க வேண்டும். படத்தை ஒருமுறை பெருப்பித்தாலோ சுருக்கினாலோ ஒற்றை வரியும் இரட்டை வரியும் கலந்துபோகும். கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது.

1. கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

விஎச்எஸ், வீடியோ8, ஹை8 மூன்றும் அனலொக். மினிடிவி, டிஜிட்டல்8 இரண்டும் டிஜிட்டல். இந்த இரு வகைக்கும் கப்சர் வழி முற்றிலும் வேறு. சில மினிடிவி கசட்டுகளில் எச்டிவி (HDV) பதிவும் இருக்கும். அது பெரும்பாலும் 1440×1080 அளவு, அதுவும் இன்டர்லேஸ்தான்.

“சிடி இருக்கு, அதிலிருந்து செய்து தாங்க” என்பார்கள். விசிடி என்றால் கசட்டைக் கேளுங்கள். விசிடியில் படம் 352×288தான். பாதி வரிகளும் பாதி அசைவும் அதை எழுதும்போதே போய்விட்டன. டிவிடி பரவாயில்லை. அதில் 720×576 இன்டர்லேஸ் அப்படியே இருக்கும். அதை டிவிடி பிளேயரில் ஓட்டிக் கப்சர் செய்யாதீர்கள். டிஸ்க்கில் உள்ள கோப்பை மேக்எம்கேவி போன்ற மென்பொருளால் எடுத்தால் தரம் குறையாது. வாட்ஸ்அப்பில் வந்த துண்டு என்றால், சிறியதாக்கும்போதே கோடுகள் படத்தோடு வெந்துவிட்டன. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் கசட்டைத் தனியாக வையுங்கள். லண்டன், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே கசட்டுகள் நம்முடைய ‘பால்’ முறைதான். கனடாக் கசட் என்டிஎஸ்சி: 480 வரிகள், வினாடிக்கு 29.97 ஃபிரேம். உங்கள் டெக் (கசட் ஓட்டும் பெட்டி) அதை ரீவியில் காட்டும். ஆனால் பல டெக்குகள் அப்போது வெளியே அனுப்புவது என்டிஎஸ்சியும் இல்லை, ‘பால்’ உம் இல்லை. இரண்டுக்கும் நடுவிலான ‘பால் 60’. அநேகமான கப்சர் கருவிகள் அதைக் கண்டதும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும், அல்லது படம் உருளும். உண்மையான என்டிஎஸ்சி வெளியீடு தரும் டெக் வேண்டும். பிரான்ஸ் கசட் நிறமில்லாமல் வந்தால் அது செக்காம் முறையாக இருக்கலாம். கசட்டைக் குறை சொல்ல முன் டெக்கைப் பாருங்கள்.

2. கசட்டை ஓட்ட முன்

மூடியைத் திறந்து, சுருளின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக, மினுங்கலாக இருக்க வேண்டும். வெள்ளைத் தூள் அல்லது சிலந்தி வலை மாதிரி ஏதாவது படிந்திருந்தால் அது பூஞ்சணம். கடற்கரை ஈரமும் மாரிகாலமும் சேர்ந்த எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். பூஞ்சணக் கசட்டை ஒருபோதும் நல்ல டெக்கில் போடாதீர்கள். தூள் டெக்கின் ஹெட்டில் (டேப்பை வாசிக்கும் பகுதி) ஒட்டி, அடுத்துப் போடும் சுத்தமான கசட்டுக்கும் போகும். முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்துத் துடைக்க வேண்டிய வேலை அது. பழக்கமில்லை என்றால் அறிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கசட் என்றாலும் பல வருடம் கிடந்தது. முதலில் கடைசி வரை முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடந்த சுற்றுகள் விடுபட்டு இழுவிசை சீராகும். விஎச்எஸ்ஸின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் துண்டை உடையுங்கள். சிறிய கசட்டில் பூட்டுப் பொத்தானைத் தள்ளுங்கள். றெக்கோர்ட் பொத்தானில் ஒரு விரல் தவறுதலாகப் பட்டால் கல்யாணம் அழிந்துவிடும்.

ஹெட்டைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோபைல் அல்கஹோலும் நூல் பிரியாத துணியும் வேண்டும். துணியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, ஹெட் பதிந்திருக்கும் உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். பஞ்சுக் குச்சி வேண்டாம். அதன் நூல் மாட்டிக்கொள்ளும்.

3. சேர்த்து வைக்க வேண்டியவை

நல்ல நிலையில் உள்ள டெக் அல்லது கமரா, கப்சர் கருவி, போதிய இடம், யூபிஎஸ். கசட் ஓடும்போது கரண்ட் போனால் கோப்பு மட்டும் கெடாது, டேப்பும் டெக்குக்குள் சிக்கிக் கிடக்கும்.

இடக் கணக்கு இது. ஒரு மணி நேர மினிடிவி சுமார் 13 ஜிபி. அனலொக்கை இழப்பில்லாமல் பிடித்தால் மணிக்கு 30 முதல் 40 ஜிபி. 50 ஃபிரேமுக்கு மாற்றிய புரோரெஸ் (எடிட்டிங்குக்கான வீடியோ வடிவம்) கோப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்று மணி நேரக் கல்யாணக் கசட்டுக்கு 250 ஜிபி வெறுமையாக இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

4. மினிடிவி, டிஜிட்டல்8: ஃபயர்வயர் மட்டும்

கசட்டில் இருப்பதே டிஜிட்டல் கோப்பு. ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் வயரால் அதை அப்படியே கொப்பி எடுப்பதுதான் வேலை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரால் எடுத்தால் டிஜிட்டலை அனலொக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்குகிறீர்கள்.

கமராவில் யூஎஸ்பி துளையும் இருக்கும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். அநேக கமராக்களில் அது போட்டோ எடுக்கவும் மங்கலான நேரலைப் படம் அனுப்பவும்தான். ஃபயர்வயரை யூஎஸ்பியாக்கும் சிறு பிளக் என்று விற்பதும் டிவி (DV, மினிடிவியின் டிஜிட்டல் வடிவம்) வீடியோவுக்கு வேலை செய்யாது. அது வெறும் கம்பி இணைப்பு, உள்ளே சில்லு ஒன்றும் இல்லை. மலிவான வழி, பழைய டெஸ்க்டொப் ஒன்றில் ஃபயர்வயர் கார்ட் போடுவது. விண்டோஸ் 10-இல் கமராவைக் காணவில்லை என்றால் டிவைஸ் மனேஜரில் 1394 (ஃபயர்வயர்) டிரைவரை ‘லெகசி’ பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். மக் வைத்திருந்தால் மெக்ஓஎஸ் 26-க்குப் போகாதீர்கள். ஃபயர்வயர் ஆதரவு அதில் எடுக்கப்பட்டுவிட்டது.

வயரைச் செருகும்போது கமரா அணைந்திருக்கட்டும். அந்தச் சின்னத் துளை எரிந்தால் மாற்று இல்லை. விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் போதும். படத்தில் சதுரம் சதுரமாக உடைந்தால் ஹெட்டைத் துடைத்து மறுபடி ஓட்டுங்கள். எல்பி வேகத்தில் (கூடுதல் நேரம் பதிய டேப்பை மெதுவாக ஓட்டும் முறை) எடுத்த கசட் என்றால், எடுத்த அதே கமராவிலேயே அது ஒழுங்காக ஓடும். ஆகவே கமராவையும் கேட்டு வாங்குங்கள்.

5. விஎச்எஸ், ஹை8: அனலொக் கப்சர்

அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். இங்கே விட்ட பிழையை எந்த மென்பொருளும் பிறகு திருத்தாது.

முதல் தடை: மஞ்சள் வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு பெட்டி. கடையில் ஐந்து நிமிடத்தில் ஆள் அதைத் தந்துவிடுவார். அந்தப் பெட்டி தானே மோசமாக டீஇன்டர்லேஸ் செய்து, 720 அல்லது 1080-க்குப் பெருப்பித்து, 4:3 படத்தை 16:9-க்கு இழுத்துத்தான் வெளியே விடும். ரீவியில் பார்க்க அது சரி. எடிட்டிங்குக்கு எடுக்க ஆகாது.

இரண்டாவது தடை: ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள். நல்ல மென்பொருள், ஆனால் இந்த வேலைக்கு உரியது அல்ல. அதன் கன்வஸ் (படம் விழும் சட்டம்) வழக்கமாக 1080. கசட் படம் அதற்குள் போனதும் அளவு மாறி, ஃபீல்ட் இரண்டும் கலந்து பதிவாகும். கப்சருக்கு வேர்ச்சுவல்டப்2 என்ற மென்பொருளை எடுங்கள். அமைப்பு: 720×576, 25 ஃபிரேம், ஒய்யூஒய்2 நிற முறை, ஹஃப்ஒய்யூவி அல்லது லகாரித் சுருக்கம், ஒலி 48 கிலோஹேர்ட்ஸ். டீஇன்டர்லேஸ் என்ற சொல் எங்கே தெரிந்தாலும் அதை அணைத்து வையுங்கள். எம்பி4-இல் நேரே பிடிக்காதீர்கள். கசட்டின் இரைச்சலையே சுருக்க முயன்று அது முகங்களைக் கரைத்துவிடும்.

ஹை8 கமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் அதையே பாவியுங்கள். வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வருவதால் ஓரங்களில் நிறப் புள்ளி ஊராது. சில டிஜிட்டல்8 கமராக்கள் ஹை8 கசட்டையும் வாசித்து ஃபயர்வயரால் தரும். அப்படி ஒன்று கிடைத்தால் வேலை பாதி.

விஎச்எஸ்ஸில் நேர்க்கோடுகள், வாசல் நிலையோ தூணோ, நெளிந்து நடுங்கினால் அது வரி நேரக் கோளாறு. டெக்கின் இயக்கம் சீராக இல்லாததால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வருகிறது. டைம் பேஸ் கரெக்டர் உள்ள டெக் அதைத் திருத்தும். அது கிடைக்காவிட்டால், டெக்குக்கும் கப்சர் கருவிக்கும் இடையில் பானசொனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கோடரை வைத்து ஊடாகச் செலுத்துவது பலரும் கையாளும் வழி. டிவிடி எழுத அல்ல, சும்மா கடந்து போக. கோடு நிமிரும்.

பிறகு வெளிச்ச அளவு. வேர்ச்சுவல்டப்பில் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) திறந்து, வெள்ளை வேட்டி அல்லது மணப்பெண் முகத்தில் வீடியோ லைட் விழும் இடத்தை ஓட்டுங்கள். கருமை 16-க்குக் கீழும் வெண்மை 235-க்கு மேலும் வெட்டுப்படாமல் கருவியின் பிரைட்னஸ், கொன்ட்ராஸ்டைச் சரி செய்யுங்கள். கறுப்பு ஓரத்தைக் கணக்கிலிருந்து விலக்கினால்தான் அளவு உண்மையாகத் தெரியும். படம் கொஞ்சம் மங்கலாக வந்தால் குற்றமில்லை, அதைப் பிறகு தூக்கலாம். எரிந்துபோன வெள்ளையில் வேட்டி மடிப்பு திரும்பி வராது.

ஓட விட்டபின் விடுபட்ட ஃபிரேம் எண்ணைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் ஏறினால் நிறுத்துங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எழுதாமல் உள் டிஸ்க்குக்கு எழுதிப் பாருங்கள்.

6. எந்த ஃபீல்ட் முதலில்?

கோப்பு வந்துவிட்டது. இனி அவசரப்படாதீர்கள்.

விஎல்சியில் திறந்தால் படம் சுத்தமாகத் தெரியும். “அண்ணா, இது இன்டர்லேஸ் இல்லை” என்று பிள்ளைகள் சொல்வார்கள். விஎல்சி தானாகவே டீஇன்டர்லேஸ் செய்துதான் காட்டுகிறது. வீடியோ மெனுவில் அதை அணைத்து, ஆள் வேகமாக அசையும் இடத்தில் நிறுத்துங்கள். கோடு தெரிந்தால் இன்டர்லேஸ்.

கோப்பின் விபரம் காட்டும் மீடியாஇன்போ என்ற மென்பொருள் ‘பொட்டம் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்’ (கீழ் ஃபீல்ட் முதலில்) அல்லது ‘டொப் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்’ (மேல் ஃபீல்ட் முதலில்) என்று சொல்லும். படத்தின் உச்சி வரியில் தொடங்குவது மேல் ஃபீல்ட். கோப்பில் எழுதியிருப்பதை அது வாசிக்கிறது, அவ்வளவுதான். எழுதியது பிழையாகவும் இருக்கலாம், அனலொக் கப்சரில் எழுதாமலே விடப்பட்டும் இருக்கலாம். பொது விதி: டிவி (DV) கோப்பு எப்போதும் கீழ் ஃபீல்ட் முதலில். எச்டிவி (HDV) மேல் ஃபீல்ட் முதலில். ‘பால்’ டிவிடியும் அநேகமான அனலொக் கப்சர் கருவிகளும் மேல் ஃபீல்ட் முதலில்.

விதியை நம்பி விடாமல் சோதியுங்கள். பத்து வினாடித் துண்டு ஒன்றை எடுங்கள். கூத்தர் சதங்கைக் காலைத் தூக்கி வைக்கும் இடம் மிகப் பொருத்தம். 50 ஃபிரேமாக மாற்றும் அமைப்பில், மேல் முதல் என்று ஒருமுறை, கீழ் முதல் என்று ஒருமுறை மாற்றுங்கள். இரண்டையும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். சரியான கோப்பில் கால் முழங்கால் வரை ஏறும், இன்னும் ஏறும், இன்னும் ஏறும், பிறகு இறங்கும். பிழையான கோப்பில் ஏறும், ஒரு பிடி இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி பின்வாங்கும். ஓடவிட்டுப் பார்த்தால் உடம்பே துடிப்பது போல் இருக்கும். ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு மறக்காது.

இந்தச் சோதனை முடியும்வரை மேலே கீழே வெட்டாதீர்கள். மேலே ஒரே ஒரு வரியை வெட்டினாலும் ஒற்றை இரட்டையாகி, ஃபீல்ட் ஒழுங்கு தலைகீழாகும்.

7. டீஇன்டர்லேஸ்: 50 கணத்தையும் காப்பாற்றுங்கள்

மென்பொருளில் உள்ள சாதாரண டீஇன்டர்லேஸ் பொத்தான் 25 ஃபிரேம்தான் தரும். ஒரு ஃபீல்டை எறிந்துவிட்டு மற்றதை நிரப்பும், அல்லது இரண்டையும் கலந்து பேய் உருவம் மாதிரி ஆக்கும். பாதி அசைவு போய்விடும். தேர் வடம் இழுக்கும் கூட்டமும் கூத்தரின் சுழற்சியும் அந்தப் பாதியில்தான் உயிரோடு இருக்கின்றன. அதனால் தெரிவில் ‘பொப்’, ‘டபுள் ரேட்’, ‘ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம்’ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் 50 தருவதை எடுங்கள். 25 வேண்டும் என்று பிறகு தோன்றினால் ஒன்றைவிட்டு ஒன்றை எடுப்பது ஒரு நிமிட வேலை. 25 ஆக்கியதை உண்மையான 50 ஆக்க முடியாது.

தரத்தில் முதலிடம் கியூடிஜிஎம்சி. இது அவிசிந்த், வேப்பர்சிந்த் என்ற வீடியோ மென்பொருள்களில் இயங்கும் ஸ்கிரிப்ட். எழுதத் தெரியாதவர்களுக்கு ஹைபிரிட் என்ற இலவச மென்பொருள் அதைப் பொத்தான்களாகத் தருகிறது. அதில் மூன்றைக் கவனித்தால் போதும். ஃபீல்ட் ஒழுங்கை நீங்கள் சோதித்துக் கண்டபடி கையால் அமைப்பது, பொப் தெரிவை இடுவது, பிரிசெட்டை ‘ஸ்லோ’வில் வைப்பது. ‘பிளசிபோ’ வரை போகத் தேவையில்லை. நேரம் பல மடங்கு போகும், கண்ணுக்குத் தெரியும் லாபம் மிகக் குறைவு. பழைய கணினியில் ஒரு மணி நேரக் கசட் இரவு முழுவதும் ஓடலாம். படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள்.

இது ஏன் மெதுவாக ஓடுகிறது என்றால், முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளில் அதே பொருள் எங்கே இருந்தது என்று தேடி, இல்லாத வரிகளை அங்கிருந்து கொண்டுவருகிறது. சேலைக் கரையின் மெல்லிய கோடுகளும் ஓட்டுக் கூரையின் வரிசைகளும் மினுமினுக்காமல் நிற்பது அதனால்தான்.

கணினி தாங்காவிட்டால் பிடபிள்யூடிஃப் என்ற டீஇன்டர்லேஸ் முறை. எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள்களில் இருக்கிறது, வேகமானது, யாடிஃப் என்ற பழைய முறையை விடச் சற்று நல்லது. ஹேண்ட்பிரேக்கில் மூன்று பொறி உண்டு. ‘இன்டர்லேஸ் டிடெக்‌ஷன்’ அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு கண்ட ஃபிரேமை மட்டும் திருத்தும். பிரிசெட் ‘பொப்’ ஆக இருக்க வேண்டும். ஃபிரேம் ரேட் 50, கொன்ஸ்டன்ட் என்று நீங்களே தெரிவு செய்ய வேண்டும்.

கல்யாணக் கசட்டுக்கு இடையில் ஸ்டூடியோக்காரர் சினிமாப் பாட்டைச் செருகியிருப்பார். சினிமா ஃபிலிமில் எடுத்தது என்பதால் அந்தப் பகுதியில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணம்தான். 50 ஆக்கினால் ஒவ்வொரு படமும் இரண்டுமுறை வரும், வேறு ஒன்றும் ஆகாது. அதற்காகக் கசட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு வேறு அமைப்பில் ஓட்டும் சிரமம் தேவையில்லை.

கனடாக் கசட் என்றால் 29.97-ஐ 59.94 ஆக்குங்கள். இந்தக் கட்டத்தில் 50 ஆக்க முயலாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் பிழை எதில் வந்தது என்று பிடிபடாது.

வெளியே வரும் கோப்பு புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆக இருக்கட்டும். அளவு இன்னும் 720×576. எடிட்டிங் மென்பொருளில் சுகமாக நகரும் வடிவங்கள் இவை.

8. ஓரம், வடிவம், நிறம்

இப்போதுதான் வெட்டலாம். விஎச்எஸ் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து துடிக்கும். ஹெட் மாறும் இடம் அது, ரீவியின் சட்டம் மறைத்ததால் அந்தக் காலத்தில் யாரும் காணவில்லை. அடியை மட்டும் வெட்டி இழுத்தால் முகம் நீளும். நான்கு பக்கமும் ஒரே விகிதத்தில் கொஞ்சம் பெருப்பித்து அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

720×576 சதுரப் புள்ளிகளில் 4:3 அல்ல. புதியவர்களின் கோப்பில் எல்லாரும் சற்று மெலிந்தோ, 16:9-க்கு இழுபட்டுக் குண்டாகவோ தெரிவது இதனால்தான். இரு பக்கமும் எட்டு எட்டுப் புள்ளி வெட்டி, மிகுதி 704×576-ஐ 1440×1080 ஆக்கினால் முகம் முகமாக இருக்கும். திரையை நிரப்ப வேண்டும் என்று 16:9-க்கு வெட்டித் தரச் சொல்வார்கள். உயரத்தில் காற்பங்கு போகும், நிற்பவர்களின் தலையோ காலோ போகும் என்று காட்டிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் கறுப்பு ஓரத்துக்குச் சம்மதிப்பார்கள்.

பழைய படம் 601 என்ற நிறத் தரநிலைக் கணக்கில் உள்ளது, எச்டி 709 என்ற தரநிலையில். மாற்றாமல் பெருப்பித்தால் குங்குமமும் கூறைச் சேலையின் சிவப்பும் ஒரு பக்கம் சாயும், பச்சை வேறு பச்சையாகும். பெருப்பிக்கும் அதே படியில் 601-இலிருந்து 709-க்கு என்ற தெரிவையும் போடுங்கள்.

இரைச்சல் நீக்கம், அசைவு நிறுத்தம், செயற்கை நுண்ணறிவால் பெருப்பித்தல், எல்லாம் இதற்குப் பிறகுதான். எனக்கு அந்தக் கடைசி வகையில் பெரிய நம்பிக்கை இல்லை. தூரத்தில் நிற்கும் அம்மம்மாவுக்கு இல்லாத கண்ணையும் பல்லையும் அது வரைந்துவிடும். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அது அவரின் முகம்.

9. டைம்லைன்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் புதிய புரொஜெக்ட் திறந்ததும், ஒரு கோப்பையும் உள்ளே இழுக்க முன், ஃபிரேம் ரேட் 50 என்று அமையுங்கள். கோப்புகள் வந்தபின் அந்த இடம் பூட்டிக்கொள்ளும். போனில் எடுத்த 30 ஃபிரேம் துண்டை முதலில் இழுத்து, வந்த கேள்விக்கு ‘ஆம்’ அழுத்தியதால் முழு வேலையும் 30-இல் நின்றுபோனவர்கள் பலர். அந்த டைம்லைனில் 50 சீராக ஓடாது, தேர் விட்டு விட்டு நகரும்.

59.94 ஆன கனடாத் துண்டை இந்த 50 டைம்லைனில் இப்போது போடலாம். அசைவு மெல்லத் தடுமாறினால் அந்தத் துண்டுக்கு மட்டும் ‘ஒப்டிகல் ஃபுளோ’ (அசைவைக் கணித்து இடைப் படங்களை உண்டாக்கும் தெரிவு) போடுங்கள்.

10. ஒலி

மினிடிவி கமராக்கள் பல, 32 கிலோஹேர்ட்ஸ் 12 பிட் ஒலியில் பதிந்தன. அதை 48-க்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள். படமும் ஒலியும் விலகினால் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து மெல்ல மெல்ல விலகினால் வேகக் கணக்கு. ஒலியைச் சிறிது நீட்டினால் பொருந்தும். ஒரு இடத்தில் திடீரென்று தாண்டினால் அங்கே ஃபிரேம் விடுபட்டிருக்கிறது. நீட்டிப் பயனில்லை, அந்தப் பகுதியை மறுபடி கப்சர் செய்யுங்கள். மத்தளத்தில் கை விழும் இடம் இதைப் பிடிக்க நல்ல அடையாளம்.

அனலொக் கப்சரில் ஒலியைக் கணினியின் மைக் துளையால் எடுக்காதீர்கள். படமும் ஒலியும் ஒரே கருவியால் வந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தொடங்கவே தொடங்காது.

11. வெளியீடும் காப்பும்

யூடியூப்புக்கு என்றால் 1080 உயரம், 50 ஃபிரேம், எச்.264. சிறிய அளவிலேயே ஏற்றினால் நீங்கள் காப்பாற்றிய 50 அங்கே போய்ப் பாதியாகிவிடும். 720-உம் அதற்கு மேலும் உள்ள படங்களுக்குத்தான் யூடியூப் உயர் ஃபிரேம் ரேட் தருகிறது. ரீவியில் பென்டிரைவில் பார்ப்பவர்களுக்கும் இதே கோப்பு ஓடும்.

டிவிடிதான் வேண்டும் என்பவருக்கு இந்தக் கோப்பிலிருந்து எழுதாதீர்கள். முதல் கப்சரை எடுத்து, அதன் ஃபீல்ட் ஒழுங்கை மாற்றாமல், இன்டர்லேஸாகவே எழுதுங்கள். டிவிடி அதற்காகவே உண்டானது.

முதல் கப்சர் கோப்பைத் திருத்தாமல் இரண்டு டிஸ்க்குகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். புரோரெஸ் கோப்பு இடத்தைப் பிடித்தால் அதை அழிக்கலாம், மறுபடி செய்ய முடியும். கோப்பின் பெயரில் வருடம், ஊர், நிகழ்வு, கசட் இலக்கம், கண்டுபிடித்த ஃபீல்ட் ஒழுங்கு ஆகிய ஐந்தும் இருக்கட்டும். கசட்டின் முதுகிலும் அதே இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். சிலிக்கா ஜெல் பொதி போட்ட மூடிய டப்பாவில், புத்தகம் அடுக்குவது போலச் செங்குத்தாக நிறுத்தி வைத்துச் சொந்தக்காரரிடம் கொடுங்கள்.